கேள்விக்குறிகளாகிவிட்ட ஒப்பாரி

2025-ஆம் ஆண்டு தை மாதத்தில் ஒரு மாலை, முன்னாள் மாணவி ஒருவர் எங்கள் துறைக்கு வந்தார். மீன்சுருட்டிப் பக்கத்துச் சிற்றூர்க்காரர். இப்போது பள்ளி ஆசிரியை. கையில் பழப்பை. சற்றுநேரம் பழங்கதை பேசியபின் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "ஐயா, எங்க ஆயா பாடுன ஒப்பாரிய அப்ப எழுதிக் குடுத்தேனே, அது கம்ப்யூட்டர்ல இருக்கும்ல? வீட்ல யாருகிட்டயும் இல்லீங்கய்யா. சித்திக்குக் கொஞ்சம் ஞாபகம் இருக்கு, அவ்வளவுதான்."

இருக்கிறது என்று சொல்லிவிட்டோம். இருக்கவும் செய்தது. திரையில் அந்தப் பாட்டின் வரிசை எண் சரியாக இருந்தது. பதிவுசெய்த தேதி சரியாக இருந்தது. பாடலின் அறுபத்தொரு வரிகளும் வரி பிசகாமல் இருந்தன. எழுத்துகள்தாம் இல்லை. ஒவ்வோர் எழுத்தும் இருந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி நின்றது. அறுபத்தொரு வரியும் கேள்விக்குறிகள். ஆயா 2009-இல் இறந்துபோனார் என்பதை அந்தப் பெண் அப்போதுதான் சொன்னார்.

இது யாருடைய குற்றம் என்பதில் எங்களுக்கு ஐயமில்லை, எங்களுடையது. இங்கே 'நாங்கள்' என்பது ஒரே துறையில், அடுத்தடுத்த மேசைகளில் இருந்து தமிழ் கற்பிக்கும் இருவர். கணினியை முறையாகக் கற்றவர்கள் அல்லர். ஆயினும் நடந்தது என்ன என்பதைப் பிற்பாடு வரிவரியாகப் புரிந்துகொண்டோம். ஏடும் எழுத்தும் பற்றிய அக்கறையுடையோர் அதை அறிந்துகொள்வது பயன்தரும் என்பதால் எழுதுகிறோம்.

2006-ஆம் ஆண்டு தொடங்கியது அந்த வேலை. நாட்டார் வழக்காற்றியல் தாளுக்காக மாணவர்கள் ஆளுக்குப் பத்துப் பாடலாவது திரட்டிவர வேண்டும் என்று சொல்லியிருந்தோம். ஆண்டிமடம், தா.பழூர், உடையார்பாளையம், செந்துறைப் பக்கமிருந்தெல்லாம் வந்து சேர்ந்தன: தாலாட்டு, நடவுப் பாட்டு, கும்மி, முந்திரிக் கொட்டை உடைக்கும்போது பேசிக்கொள்ளும் விடுகதைகள், எல்லாவற்றையும்விட அதிகமாக ஒப்பாரி. அக்காலத்தில் ஜெயங்கொண்டத்தைச் சுற்றிலும் பழுப்பு நிலக்கரித் திட்டத்துக்கு நிலம் எடுக்கும் பேச்சு ஓயாமல் இருந்தது. ஊர் இருக்குமோ பெயருமோ என்ற கலக்கத்தில் இருந்தவர்களிடம் போய்ப் பாட்டுக் கேட்டோம். திட்டம் நிறைவேறவில்லை, ஊர்கள் இருக்கின்றன. பாடியவர்களில் பலர் இல்லை.

குறிப்பேடுகளைக் கரையான் தின்னும் முன் கணினியில் ஏற்றிவிட வேண்டும் என்று தோன்றியது. கணினி ஆய்வகத்து நண்பர் ஒருவர் மைசீக்வல் என்னும் இலவசத் தரவுத்தள மென்பொருளை ஒரு பழைய கணினியில் நிறுவி, தட்டச்சு செய்ய ஓர் இணையப் படிவமும் எழுதிக் கொடுத்தார். யுனிகோடில், ஒழுங்காக. மாணவர்கள் முறைவைத்துத் தட்டச்சினார்கள். 2007 இறுதிக்குள் ஏறத்தாழ நானூறு பாடல்கள் சேர்ந்தன. சேர்ந்த பிறகு குறிப்பேடுகளை அவரவரிடமே திருப்பிக் கொடுத்தோம். கொடுத்த குறிப்பேடுகள் பழைய தாள்காரரிடம் போயின. கணினியில்தான் இருக்கிறதே!

இங்கே எங்கள் முதல் பிழையைச் சொல்லவேண்டும். உறவுமுறைத் தரவுத்தளம் என்ற கருத்தை 1970-இல் ஐபிஎம் ஆய்வாளர் எட்கர் காட் முன்வைத்தார். அதன் சாரத்தை நம் மொழியில் சொல்வதானால் இப்படிச் சொல்லலாம்: ஒரு செய்தியை ஒரே இடத்தில் எழுது, வேண்டிய இடத்திலிருந்தெல்லாம் அதைச் சுட்டு. பாடல்களுக்கு ஓர் அட்டவணை, பாடியவர்க்கு ஓர் அட்டவணை, ஊர்களுக்கு ஓர் அட்டவணை. ஒன்றையொன்று எண்ணால் சுட்டும். வீரமாமுனிவரின் சதுரகராதியைப் புரட்டியவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. சொல்லைப் பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகளாக வகுத்து 1732-இல் அவர் அமைத்த அகராதி அது. நாங்களோ எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில் கொட்டினோம். ஒவ்வொரு பாட்டுக்கும் எதிரே ஊர், வட்டம், மாவட்டம் என்று திரும்பத் திரும்பத் தட்டச்சினோம்.

மாவட்டப் பெயரோ எங்கள் பக்கத்தில் நிலையான பொருளன்று. ஜெயங்கொண்டம் 1995 வரை திருச்சி மாவட்டம், பிறகு பெரம்பலூர். 2001 ஜனவரி 1-இல் அரியலூர் மாவட்டமானோம். 2002 மார்ச் 31-இல் மறுபடி பெரம்பலூர். 2007 நவம்பர் 23-இல் மீண்டும் அரியலூர். ஊர்களுக்கென்று தனி அட்டவணை வைத்திருந்தால் சில வரிகளைத் திருத்தியதோடு வேலை முடிந்திருக்கும். வைக்காததால், நானூறு பாடல்களின் எதிரேயும் 'பெரம்பலூர்' என்பதை 'அரியலூர்' என்று மாற்றவேண்டியதாயிற்று. இணையப் படிவத்தில் ஒவ்வொன்றாகத் திறந்து திருத்தப் பொறுமையில்லை. வேறொரு கணினியிலிருந்து, அக்ஸஸ் மென்பொருள் வழியாக, மொத்த அட்டவணையையும் இழுத்துத் திருத்திவிடலாம் என்று 2008 பிப்ரவரியில் முடிவுசெய்தோம்.

தரவுத்தளம் என்பது ஓரிடத்தில் இருக்கும் வழங்கி. அதனிடம் கேட்டுப் பெறும் மென்பொருள், வாங்கி. வாங்கியும் வழங்கியும் நேருக்குநேர் பேசிக்கொள்ள இயலாது. நடுவில் டிரைவர் என்ற துபாஷி வேண்டும். மைக்ரோசாப்ட் 1992-இல் வெளியிட்ட ஓடிபிசி என்ற முறை, எந்த மென்பொருளும் எந்தத் தரவுத்தளத்தோடும் ஒரே பாங்கில் பேச வழிசெய்தது. கண்ட்ரோல் பேனலில் அதற்கொரு சாளரம் உண்டு. டிரைவரைத் தேர்ந்தெடுத்து, இணைப்புக்கு ஒரு பெயர் சூட்டி, வழங்கி இருக்கும் கணினியின் முகவரி, துறை எண் (மைசீக்வலுக்கு வழக்கமாக 3306), தரவுத்தளத்தின் பெயர், பயனர் பெயர், கடவுச்சொல் ஆகியவற்றை நிரப்ப வேண்டும். வழங்கியும் தன் பங்குக்கு, இன்ன கணினியிலிருந்து இன்ன பயனர் வரலாம் என்று இசைவு தந்திருக்க வேண்டும். எங்களுக்கு இவையெல்லாம் கைகூட இரண்டு நாள் ஆயிற்று. முதல்நாள் தீயரண் மென்பொருள் 3306-ஐ மறித்துக்கொண்டிருந்தது. மறுநாள் பயனர்க்கு இசைவில்லை என்று வழங்கி திருப்பி அனுப்பியது. மூன்றாம் நாள் காலையில் சோதனைப் பொத்தானை அழுத்தியதும், இணைப்பு வெற்றி என்று சாளரம் அறிவித்தது. வெளியே போய்த் தேநீர் குடித்துவிட்டு வந்தோம்.

அந்த 'வெற்றி' எதைக் குறிக்கிறது என்று அப்போது யோசிக்கவில்லை. கதவு திறந்தது என்பது மட்டுமே அதன் பொருள். உள்ளே போய் எந்த எழுத்தில் பேசப்போகிறோம் என்பதை அந்தப் பொத்தான் சோதிப்பதில்லை.

இணையும்போது வாங்கி தன் எழுத்துமுறையை அறிவிக்க வேண்டும். நான் யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் எழுதுவேன், அதிலேயே எனக்கு விடை தா என்று ஒரு வரி. நண்பர் எழுதித்தந்த இணையப் படிவம் ஒவ்வொரு முறையும் அதைச் சொல்லிவிட்டுத்தான் பேசியது. நாங்கள் அமைத்த புதிய இணைப்பு ஒன்றும் சொல்லவில்லை. வாங்கி வாய்திறவாவிட்டால் வழங்கி ஒன்றை ஊகித்துக்கொள்ளும். மைசீக்வல் சுவீடனில் பிறந்தது. அன்றைய பதிப்புகளில் அதன் இயல்பான எழுத்துமுறை லத்தீன்-1. அகரவரிசைகூடச் சுவீடிய மொழியின் வரிசைதான். மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான அந்த எழுத்துமுறையில் மொத்தம் 256 இடங்களே உண்டு. தமிழுக்கு அங்கே ஓரிடமும் இல்லை. வழங்கி தன்னிடமிருந்த தமிழைப் பணிவோடு லத்தீன்-1-க்கு மாற்றி அனுப்ப முயன்றது. இடமில்லாத ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு கேள்விக்குறியை வைத்து அனுப்பியது. கேட்டதைத்தான் தந்தது. கேட்கத் தெரியாதவர்கள் நாங்கள்.

அக்ஸஸ் அட்டவணையில் கேள்விக்குறிகளைப் பார்க்கத்தான் செய்தோம். பார்த்துவிட்டு, "இந்த மெஷின்ல ஃபாண்ட் இல்ல போலிருக்கு" என்று சொல்லிக்கொண்டோம். அந்தக் காலத்தில் தமிழ் படித்தவர்களுக்கு அது அனிச்சையான விடை. ஆளுக்கோர் எழுத்துரு, ஆளுக்கொரு குறியாக்கம் என்று கிடந்த நாட்கள் அவை. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாடு தாம், தாப் என்ற குறியாக்கங்களைத் தரப்படுத்த முயன்றது. இணையத்தில் பலர் திஸ்கியில் எழுதினர். பத்திரிகைகள் தத்தம் எழுத்துருவில் வந்தன. தமிழக அரசு யுனிகோடையும் டேஸ்-16 குறியாக்கத்தையும் தரமாக அறிவித்ததே 2010-இல், கோவைச் செம்மொழி மாநாட்டையொட்டித்தான். ஆகவே திரையில் தமிழ் தெரியாவிட்டால் எழுத்துருவைப் பழிப்பது எங்களுக்கு வழக்கமாயிருந்தது. எழுத்துரு இருக்கும் கணினியில் திறந்தால் சரியாகிவிடும் என்று நம்பி, 'அரியலூர்' என்று மாவட்டத்தைத் திருத்தி, வழங்கியிலிருந்த பழைய அட்டவணையைக் காலிசெய்து, திருத்திய அட்டவணையை அங்கே ஏற்றினோம். எல்லாம் வெற்றி, வெற்றி என்றே கணினி சொன்னது. மறுநாள் நல்ல கணினியில் இணையப் படிவத்தைத் திறந்தபோதும் கேள்விக்குறிகளே வந்தன. நாங்கள் ஏற்றிய 'அரியலூர்' கூட எட்டுக் கேள்விக்குறிகளாகி நின்றது. எண்ணும் தேதியும் பிழைத்துக்கொண்டன, எழுத்து அழிந்துவிட்டது.

கணினித் திரையில் தமிழ் மூன்று விதமாகக் கெடும் என்பதை அதன்பின்தான் கற்றோம். மருத்துவர் நாக்கைப் பார்ப்பதுபோல இந்தக் குறிகளைப் பார்க்கவேண்டும்.

கட்டம் கட்டமாகத் தெரிந்தால் கவலையில்லை. எழுத்து அங்கே நலமாக இருக்கிறது. அதை வரைந்து காட்டும் எழுத்துரு மட்டும் இல்லை.

தலையில் கோடு சாய்ந்த ஒரு லத்தீன் எழுத்தும், அதையடுத்து வட்டத்துக்குள் ஆர் பொறித்த வணிகக் குறியும் மாறிமாறி வந்தால், அப்போதும் எழுத்து உயிரோடுதான் இருக்கிறது. தவறான கண்கொண்டு படிக்கப்படுகிறது. யுடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகளால் ஆனது. அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து லத்தீனாக வாசித்தால் முதலிரண்டும் பெரும்பாலும் அந்த இரு உருவங்களாகவே தெரியும். தமிழை யாரோ தம் வணிகச் சொத்தாகப் பதிவுசெய்துகொண்டது போன்ற அந்தக் காட்சி வேடிக்கையானது. சரியான குறியாக்கத்தைச் சொல்லித் திறந்தால் தமிழ் எழுந்து வரும்.

கேள்விக்குறி வந்தால் நின்றுவிட வேண்டும். வெறுமனே பார்த்த அளவில் கெடுதல் இல்லை. மூலம் வழங்கியில் பத்திரமாக இருக்கக்கூடும். அந்தக் கேள்விக்குறியைத் திரும்பச் சேமித்தால் எழுத்து செத்தது. எந்த எழுத்திலிருந்து வந்தது என்ற சுவடு எதுவும் கேள்விக்குறியில் கிடையாது. அகரமும் னகரமும் அங்கே ஒன்றே.

இரண்டாம் வகைதான் எங்களை ஓரளவு காப்பாற்றியது. 2007 ஆகஸ்டில் ஆய்வக நண்பர் எடுத்துவைத்த படியெடுப்புக் கோப்பு ஒன்று குறுந்தகட்டில் இருந்தது. வேர்ட்பேடில் திறந்தால் வணிகக் குறிகளாகவே தெரிந்தது. இதுவும் போயிற்று என்று தூக்கியெறிய இருந்தோம். சென்னையில் மென்பொருள் வேலையிலிருந்த பழைய மாணவர் ஒருவர் தொலைபேசியில் கேட்டுவிட்டு, "ஐயா, அதத் தொடாதீங்க. அது உசுரோடதான் இருக்கு" என்றார். பொங்கல் விடுமுறைக்கு மறுபடி ஊருக்கு வந்தபோது, யுடிஎஃப்-8 என்று அறிவித்து அதை வழங்கியில் ஏற்றிக் காட்டினார். முந்நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பாடல்கள் எழுந்து வந்தன. ஆகஸ்டுக்குப் பிறகு சேர்ந்த நாற்பத்துமூன்று பாடல்களுக்கு வழியில்லை. மீன்சுருட்டி ஆயாவின் ஒப்பாரி அக்டோபரில் ஏறியது.

எங்கள் மாவட்டத்தில், கொள்ளிடக்கரையை ஒட்டி ஏலாக்குறிச்சி இருக்கிறது. வீரமாமுனிவர் வாழ்ந்து பணிசெய்த ஊர். ஓலையில் புள்ளி குத்தினால் ஏடு கிழியும் என்று எழுதுவோர் புள்ளியை விட்டுவிட்டார்கள். எகர ஒகரக் குறிலுக்குப் புள்ளி இடவேண்டும் என்பது தொல்காப்பிய விதி. புள்ளி போனதும் குறிலும் நெடிலும் ஒன்றாயின. படிப்பவர் இடம்நோக்கி ஊகிக்க வேண்டியதாயிற்று. நெடிலுக்குத் தனி வடிவம் தந்து அந்தக் குழப்பத்தைத் தீர்த்தவர் வீரமாமுனிவர். நாங்கள் ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லும் பாடம் இது. எழுதுகிறவர் எதை விட்டுவிடுகிறாரோ அதைப் படிக்கிறவர் ஊகிக்க நேரும் என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, இணைப்பை அமைக்கையில் ஒரு வரியை விட்டுவிட்டு வழங்கியை ஊகிக்க வைத்திருக்கிறோம். பாடம் நடத்தியவர்களுக்கே பாடம் எட்டவில்லை.

இன்று நிலைமை பெரிதும் மாறிவிட்டது. மைசீக்வலின் 8.0 பதிப்பு 2018-இல் வந்தபோது அதன் இயல்பான எழுத்துமுறையே நான்கு பைட்டு யுடிஎஃப்-8 ஆகிவிட்டது. புதிய டிரைவர்களும் யுனிகோடில் பேசுகின்றன. ஆயினும் பழைய அட்டவணைகள் பழைய எழுத்துமுறையிலேயே பல அலுவலகங்களில், கல்லூரிகளில் உறங்குகின்றன. மைசீக்வலில் யுடிஎஃப்-8 என்று முன்பு வழங்கியது மூன்று பைட்டுக்கு மேல் கொள்ளாதது. சாதாரணத் தமிழுக்கு அது போதும். 2019-இல் யுனிகோடு 12-இல் சேர்ந்த தமிழ்ப் பின்னக் குறிகளுக்குப் போதாது; அவற்றுக்கு நான்கு பைட்டு வேண்டும். அவற்றுள் முதலாவது 320-இல் ஒரு பங்கைக் குறிக்கும் முந்திரி. முந்திரி விளையும் சீமையில் இருந்துகொண்டு முந்திரியை இழப்பது தகாது என்று எங்களுக்குள் சொல்லிச் சிரித்துக்கொள்வோம்.

இப்போது நாங்கள் சில வழக்கங்களைக் கைக்கொண்டிருக்கிறோம். புதிய இணைப்பை அமைத்தால் வெற்றி என்ற அறிவிப்பை நம்புவதில்லை. ஆய்தமும் ஔகாரமும் ஞூ போன்ற அருகிய எழுத்தும் கலந்த ஒரு வரியைச் சோதனை அட்டவணையில் எழுதி, வேறொரு கணினியிலிருந்து படித்துப் பார்க்கிறோம். திருத்தும் முன் படியெடுக்கிறோம்; எடுத்த படியை எங்காவது ஏற்றி, தமிழ் வருகிறதா என்று பார்த்த பிறகே அதைப் படி என்று ஒப்புகிறோம். எழுத்து மாறவேண்டாத இடத்தில் திருத்தும் உரிமையே இல்லாத, படிக்க மட்டும் இசைவுள்ள பயனராக நுழைகிறோம். ஏடு பெயர்த்தெழுதியவர்கள் ஒருவர் வாசிக்க ஒருவர் எழுதி, பின் ஒப்புநோக்கியதற்கு மேலாக இதில் புதுமை ஒன்றுமில்லை.

அந்தப் பெண்ணிடம் நடந்ததைச் சொன்னோம். கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தோம். "இருக்கறத அப்படியே பிரிண்ட் எடுத்துக் குடுங்கய்யா" என்றார். கேள்விக்குறிகள் நிறைந்த இரண்டு தாள்களை மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

அந்தத் தாளை எங்கள் மேசையிலும் ஒரு படி வைத்திருந்தோம். பார்க்கப் பார்க்க ஒன்று தெரிந்தது. எழுத்துதான் போயிற்று, சொற்களுக்கிடையே இருந்த இடைவெளி, காற்புள்ளி, வரி முறிவு எல்லாம் லத்தீன்-1-இலும் உள்ளவை என்பதால் அப்படியே இருந்தன. யுனிகோடில் உயிர் ஒன்றுக்கு ஓரிடம். அகரமேறிய மெய்க்கு ஓரிடம். புள்ளிபெற்ற மெய்க்கு இரண்டு. மற்ற உயிர்மெய்க்கு இரண்டு. இலக்கணப்படி 'அம்மா' மூன்றெழுத்து, கணினிக்கு ஐந்து. பல வரிகளின் முடிவில் ஐந்து கேள்விக்குறிகள் தனித்து நின்றன. அது எந்தச் சொல் என்று ஒப்பாரி கேட்டுப் பழகியவர்க்குச் சொல்லவேண்டியதில்லை. அசைபிரித்து அலகிடக் கற்பிக்கும் எங்களுக்கு, சொல்லே இல்லாத பாட்டை அலகிடும் வேலை வாய்த்தது.

ஒன்றரை மாதம் கழித்து அவர் திரும்பி வந்தார். சித்தியோடு உட்கார்ந்து, தாளை வைத்துக்கொண்டு, பாடச்சொல்லிப் பாடச்சொல்லி எழுதியிருந்தார். "வரி எம்மா நீளம்னு தெரிஞ்சதும் சித்திக்குத் தானா வந்துச்சுங்கய்யா" என்றார். முப்பத்தெட்டு வரிகள் கிடைத்திருந்தன. எண்ணிப் பார்த்தோம். இருபத்தொன்பது வரிகள் கேள்விக்குறிகளோடு இம்மியும் பிசகாமல் பொருந்தின. ஒன்பது வரிகள் பொருந்தவில்லை. சித்தி மறந்தாரா, அல்லது ஆயாவே ஒவ்வொரு சாவுக்கும் ஒவ்வொரு விதமாகப் பாடினாரா என்று நாங்கள் சொல்ல முடியாது. அவற்றைப் பாடவேறுபாடு என்று குறித்து வைத்திருக்கிறோம்.

மீதி இருபத்துமூன்று வரிகளை அழிக்கவில்லை. சுவடியில் செல்லரித்த இடத்தைப் பதிப்பாசிரியர்கள் புள்ளியிட்டுக் காட்டுவார்கள் அல்லவா, அதுபோல அந்தக் கேள்விக்குறிகளை அட்டவணையில் அப்படியே விட்டிருக்கிறோம். தனியாக ஊர்களுக்கென்று ஓர் அட்டவணை இருக்கிறது இப்போது. ஆயாவின் பாட்டு அதில் மீன்சுருட்டிக்கு அருகிலுள்ள அந்த ஊரைச் சுட்டுகிறது. மாவட்டம் அரியலூர் என்று ஒரே இடத்தில் எழுதியிருக்கிறது. புதிதாகச் சேர்த்த வரிகளை அந்தப் பெண்ணே தட்டச்சினார். சேமித்த பிறகு அடுத்த அறைக் கணினியில் திறந்து, அவரையே உரக்கப் படிக்கச் சொன்னோம். பாதியிலேயே நிறுத்திவிட்டார். மிச்சத்தை நாங்கள் படித்து ஒப்பிட்டோம்.